தலைப்பெருநாளுக்கு ஓர் உடையாத விமானம்

சனாவுல்லாவுக்கு இந்த உலகத்தில் ஆகாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'பரவால்ல'தான். அதைச் சொல்லிச் சொல்லியே அவரை நோகடித்தவர் வேறு யாருமில்லை, சொந்த மாப்பிள்ளை நியாஸ்.

"ஃபேன் காத்து வருதா மாப்பிள்ளை?"

"பரவால்ல மாமா."

"தலகாணி ஒசரமா இருக்கா?"

"பரவால்ல மாமா."

இதற்கு என்னதான் அர்த்தம்? வருகிறது என்றா, வரவில்லை என்றா? ஆமாம் என்றா, இல்லை என்றா? கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிவிட்டது. மண்டையைப் பிய்த்துக்கொண்டும் மனுஷனுக்கு விளங்கவில்லை.

சனாவுல்லா திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருப்பவர். இள வயதில் தோல் பதனிடுகிற ஷாப்பு இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். சாதாரணமாக நலம் விசாரித்தால்கூட, பழக்கமில்லாதவர்கள் சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைப்பார்கள். மாப்பிள்ளையோ திருச்சியில் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. பேச்சும் லிஃப்ட் மாதிரியே, சத்தமில்லாமல் கதவை மூடிக்கொண்டு போய்விடும். எட்டு மாதத்தில் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் மறுநாள் காலையில் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது. ஒரே மகள் அஃப்சானாவும் அவர் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"சொல்லிட்டேன், கேட்டுக்கங்க" என்றார் மனைவி உம்மு சல்மா. "இந்தத் தலைப்பெருநாளைக்கும் அந்தப் புள்ள வாயத் தொறக்காம வந்துட்டுப் போச்சுன்னா, அப்பறம் நம்ம மக வருசத்துக்கு ஒரு தடவதான் இந்த வாசப்படிய மிதிப்பா. மாப்பிள்ளைக்கு இந்த வீட்ல மனசு ஒட்டணும். ஒட்டலைன்னா அவ்வளவுதான்."

கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதல் பெருநாள்தான் தலைப்பெருநாள். மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்து, விருந்து வைத்து, துணிமணியோடு அவர் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு பொருளும் கொடுக்க வேண்டும். பிடித்தது எது என்று தெரிந்தால்தானே கொடுப்பதற்கு!

கல்யாணத்துக்கு ஒரு ஜோடி ஷூ கொடுத்திருந்தார். கடையில் வாங்கியதில்லை, மண்டியிலேயே அருமையான தோலாகப் பார்த்து எடுத்து, தன் கையால் தைத்தது. மாப்பிள்ளையிடம் போய்க் காலை நீட்டுங்கள், அளவெடுக்கணும் என்று கேட்பது அழகா? நிச்சயத்தன்று எல்லோரும் உள்ளே சர்பத் குடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கிடந்த செருப்பை விரலால் அளந்து வைத்துக்கொண்டார். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து இன்றைக்கும் அவருக்குப் பெருமைதான். வருகிற ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை அந்த ஷூவையே போட்டுக்கொண்டு, அடிமேல் அடி வைத்து மெதுவாக நடந்து வருவார். "பாரு சல்மா, நடையிலயே என்ன ஒரு அடக்கம்!" என்று சனாவுல்லா பூரித்துப் போவார்.

நோன்பு இருபது தாண்டியதும் மகளுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு என்னதான் ஆசை? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"சொன்னா சிரிக்கக் கூடாது அத்தா."

"நான் ஏன் சிரிக்கிறேன்?"

"ரிமோட்ல பறக்கும்ல பிளேன், அதான். ரெண்டு வருசமா போன்ல அந்த வீடியோதான் பாக்குறாங்களாம். புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னு இருக்காம். விழுந்தாலும் சட்டுன்னு உடையாததா ஒண்ணு வாங்கணும் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, வாங்கவே மாட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

சனாவுல்லா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. முப்பது வயது ஆம்பளை, லிஃப்ட் இன்ஜினியர், விளையாட்டு விமானம் கேட்கிறார் என்றால் அதை எந்தக் கடையில் போய், என்னவென்று கேட்பது?

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பொம்மைக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு ஹெலிகாப்டரைக் காட்டினார். "விமானம்ப்பா" என்றார். பட்டன் அழுத்தினால் பாட்டுப் பாடி உருளுகிற விமானத்தைக் காட்டினார். "பறக்கணும்ப்பா" என்றார். "எத்தன வயசுப் பையனுக்கு பாய்?" என்று கேட்டார் கடைக்காரர். சனாவுல்லா கடையை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

அப்புறம்தான் பெலிக்ஸ் ஞாபகம் வந்தது. அஃப்சானா கல்யாணத்துக்கு ட்ரோன் விட்டுப் படம் பிடித்தவன். அவன் ஸ்டுடியோ பரணில் நாலைந்து விமானங்களின் மிச்சமீதி கிடந்ததை சனாவுல்லா பார்த்திருக்கிறார்.

"வாங்க பாய், டீ சொல்லவா?" என்று கேட்டுவிட்டு, நோன்பு ஞாபகம் வந்து பெலிக்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் பல்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது. அங்கே ஆரம்பித்தது சனாவுல்லாவின் தலைவலி.

"மூணு சேனலா, நாலு சேனலா பாய்?"

"அப்படின்னா?"

"ரிமோட்ல எத்தன வேலை செய்யலாம்னு கணக்கு. வேகம் ஒண்ணு, மேல கீழ ஒண்ணு, திரும்புறது ஒண்ணு. றெக்கையச் சாய்க்கணும்னா நாலு."

"நாலே வாங்கிருவோம். கூட இருந்தா நல்லதுதானே?"

"புதுசா ஓட்டுறவருக்குக் கூட இருந்தா கஷ்டம் பாய். மூணு போதும். சரி, றெக்கை மேல இருக்கணுமா, நடுவுல இருக்கணுமா? காத்தாடி முன்னாலயா பின்னாலயா? தானா நிமிந்துக்கிற மாதிரியா, சும்மாவா?"

சனாவுல்லா கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எது உடையாது?"

பெலிக்ஸ் போனில் நாலு படம் காட்டினான். ஒன்று போர் விமானம் மாதிரி மூக்கைச் சிலுப்பிக்கொண்டு நின்றது; பார்த்தவுடனே சனாவுல்லாவுக்கு அதுதான் பிடித்தது. "அது புயல் மாதிரி போகும் பாய், புதுசா ஓட்டுறவரு கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள தரையில சொருகிரும்." இன்னொன்று மரத்தில் செய்தது, நல்ல வேலைப்பாடு. "ஒரு தடவ விழுந்தா அடுப்புக்குத்தான் ஆகும்." மூன்றாவது கைக்கு அடக்கமானது. "லேசாக் காத்தடிச்சா பழனிக்குப் போயிரும்." நாலாவதைக் காட்டி, "இதான் பாய் சரி. றெக்கை மேல, காத்தாடி பின்னால. பூரா ஃபோம்" என்றான். பரணிலிருந்து அதே மாதிரி ஒரு பழைய றெக்கையை எடுத்துக் கையில் கொடுத்தான்.

சனாவுல்லா அதை வாங்கினார். தோல்காரர் கை சும்மா இருக்குமா? நகத்தால் கீறினார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினார். மடித்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். கனம் என்று ஒன்று இருந்தால்தானே!

"என்ன தம்பி இது, எங்க வீட்டு டிவிப் பெட்டியில வந்த தெர்மாகோல் மாதிரி இருக்கு?"

"அது படார்னு உடையும் பாய். இது வளையும்." பெலிக்ஸ் றெக்கையைச் சுவரில் ஓங்கி அடித்தான். அது துள்ளி வந்து விழுந்தது. "றெக்கைய உடம்போட ரப்பர் பேண்ட் போட்டுத்தான் மாட்டுவாங்க. விழுந்தா தானா கழண்டுக்கும், அதனால உடையாது."

"ரப்பர் பேண்டா! நிலக்கோட்டை மார்க்கெட்ல பூப்பொட்டலத்துக்குப் போடுற ரப்பர் பேண்டா?"

"கிட்டத்தட்ட அதேதான்."

கழண்டுபோவதால் உடையாதாம்! நாற்பது வருஷமாகத் தோலில் கிடக்கிற மனுஷனுக்கு இது ஏறவே இல்லை. தையல் பிரிந்தால் அது கெட்ட செருப்பு. வார் கழண்டால் அது கெட்ட பை. உலகம் பூராவும் அப்படித்தான். விமானத்துக்கு மட்டும் எப்படி நியாயம் மாறும்?

நோன்பு திறந்துவிட்டுத் தம்பி இஷாக்கிடம் யோசனை கேட்டார். இஷாக் எதற்கெடுத்தாலும் போனைத் தடவுகிறவர். அரை மணி நேரம் தடவிவிட்டு, "அண்ணே, ஒருத்தன் இதாம்ல விமானம்னு எழுதிருக்கான். அதே விமானத்தையே இன்னொருத்தன் குப்பைன்னு எழுதிருக்கான்" என்றார். பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் சாகுல் ஹமீதைக் கேட்டார். அவரும் தோல் வியாபாரிதான். "கனமா வாங்கும் ஓய். கனம் இருந்தாத்தான் காத்துக்குத் தாங்கும்" என்றார் அவர். சனாவுல்லாவுக்கு அது சரியென்று பட்டது. பெலிக்ஸ் சொன்னதும் சரியென்று பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்பதுதான் படவில்லை.

மூன்று நாள் விடியுமுன் சஹருக்கு எழுந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "மகளுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட நீங்க இம்புட்டு யோசிக்கல" என்றார் சல்மா.

கடைசியில் பெலிக்ஸ் சொன்னதையே வாங்கினார். அவன்தான் சென்னையில் ஒரு கடையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தான். பெட்டியைத் தூக்கிப் பார்த்த சனாவுல்லாவுக்குப் பகீரென்றது. காலிப் பெட்டியா அனுப்பிவிட்டான்? திறந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று விமானம், நீளமாக ஒரே றெக்கை, ரப்பர் பேண்டுகள், ரிமோட், பேட்டரி எல்லாம் இருந்தன. மொத்தமும் ஒரு கோழிக்குஞ்சுக் கனம் இல்லை.

தலைப்பெருநாளன்று, பெண்டாட்டியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, மாமனார் கொடுத்த பொருள் இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தால்? மாப்பிள்ளை அப்போதும் 'பரவால்ல மாமா' என்பார். அந்தப் பரவாயில்லையை மட்டும் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

அன்றைக்கே பெட்டியை மண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இருப்பதிலேயே மெல்லிசான ஆட்டுத்தோல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பழுப்பு நிறம், குழந்தை கன்னம் மாதிரி மிருது. வழக்கமாகத் தோல் ஒட்டப் போடும் சொல்யூசனை டிவிப் பெட்டித் தெர்மாகோலில் தடவிப் பார்த்தார். அது பொத்தென்று உருகி ஓட்டை விழுந்தது. யா அல்லாஹ், நல்லவேளை! வெள்ளைப் பசைக்கு மாறினார். மூக்குக்கு ஒரு உறை. வயிற்றுக்கு ஒரு பட்டை. றெக்கையின் முன்விளிம்பு முழுக்க மடித்து ஒட்டி, மெழுகு நூலில் நெருக்கமாகத் தையல். அந்த ரப்பர் பேண்டுகளை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, றெக்கையை உடம்போடு சேர்த்துத் தோல் வாரால் இறுக்கித் தைத்தார். இனி ஜின்னே வந்தாலும் கழற்ற முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சல்மாவிடம் காட்டினார். சல்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"செருப்புக்கு றெக்கை மொளச்ச மாதிரி இருக்கு."

"ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் சனாவுல்லா. உள்ளுக்குள் லேசாகச் சுருக்கென்றது. ஆனால் தூக்கிப் பார்த்தபோது கைக்குக் கனமாக, வாட்டமாக இருந்தது. பொருள் என்றால் இதுதான் பொருள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பெருநாள் வந்தது. ஈத்கா மைதானத்தில் தொழுகை முடிந்து, கட்டித் தழுவி, பாயசம் குடித்து, பிரியாணியும் தால்ச்சாவும் சாப்பிட்டு முடிந்ததும் சனாவுல்லா பெட்டியைக் கொண்டுவந்து மாப்பிள்ளை முன்னால் வைத்தார்.

நியாஸ் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த முகத்தில் சனாவுல்லா இதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் திறந்தார். தோலைப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். விமானத்தைக் கையில் தூக்கி மெதுவாக ஒரு தடவை மேலும் கீழும் அசைத்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றார்.

சனாவுல்லாவுக்குக் குழம்பிவிட்டது. வந்த சிரிப்பு ஏன் போனது? நிறம் பிடிக்கவில்லையா? கறுப்புத் தோல் போட்டிருக்கணுமா? அஃப்சானாவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"சாயங்காலம் தாடிக்கொம்பு பக்கம் போவோம்" என்றார் சனாவுல்லா. "நம்ம ஒச்சப்பன் வயல் அறுத்துச் சும்மா கிடக்கு. அங்க விட்டுப் பாப்போம்."

"இன்னைக்கே வேணுமா மாமா? பொறவு பாத்துக்கலாமே."

"அட, ஆசைப்பட்ட பொருளக் கையில வச்சுக்கிட்டுப் பொறவாவது!"

நாலரை மணிக்குக் காரில் நாலு பேரும் கிளம்பினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஊசி, கத்தி வைத்த தோல் பையையும் சனாவுல்லா எடுத்துக்கொண்டார். வயலில் நெல் அறுத்த தாள் காய்ந்து நின்றது. தூரத்தில் பெருமாள் கோவில் கோபுரம். மண்டிக்கு ஆட்டுத்தோல் கொண்டுவந்து போடுகிற பழக்கத்தில் நண்பனாகிவிட்ட ஒச்சப்பன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். நியாஸ் அந்தக் கல்யாண ஷூவோடு, அடிமேல் அடி வைத்து வயலுக்குள் இறங்கினார்.

ரிமோட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் விமானத்தை எறிந்தார். காத்தாடி கொசு மாதிரி ரீங்காரித்தது. விமானம் பத்தடி போனது. மூக்கைக் கீழே போட்டுப் பொத்தென்று விழுந்தது.

சனாவுல்லா ஓடிப்போய் எடுத்தார். "மாஷா அல்லாஹ்! ஒரு கீறல் இல்ல பாருங்க!"

இரண்டாம் தடவை எட்டடி. மூன்றாம் தடவை எறிந்த இடத்துக்கு நேர் கீழே. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தையல் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் பறக்கவும் இல்லை.

"ஏன் பாய், எங்க வீட்டுக் கோழி இதவிட ஒசரம் பறக்குமே" என்றார் ஒச்சப்பன்.

"நீ செத்த நேரம் சும்மா இரு அப்பு!"

"எனக்குத்தான் இன்னும் கை வரல மாமா" என்றார் நியாஸ். "புதுசுல்ல. போகப் போகச் சரியாயிரும். பரவால்ல, வீட்டுக்குப் போயிரலாமா?"

சனாவுல்லாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. காற்று போதாதா? பேட்டரி செத்துவிட்டதா? நாலு சேனலே வாங்கியிருக்க வேண்டுமோ? இல்லை, பெலிக்ஸ் ஏமாற்றிவிட்டானோ? அதுதான் சரியென்று பட்டதும் ஜிவ்வென்று ஏறிவிட்டது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே தம்பி! என்ன பொருள்லே வாங்கிக் குடுத்த? பத்தடி தாண்டல!"

"அது சூப்பரா பறக்கும் பாய். மேல எதாச்சும் ஒட்டுனீங்களா?"

"ஒட்டுனேன். ஒரு பாதுகாப்புக்கு."

"என்ன ஒட்டுனீங்க?"

"ஆட்டுத்தோல். மெல்லிசுதான்."

மறுமுனையில் பெலிக்ஸ் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் வயல் முழுக்கக் கேட்டது. "பாய்! அது பறக்குறதும் லேசா இருக்கறதாலதான், விழுந்தா உடையாததும் லேசா இருக்கறதாலதான். தோலப் போட்டா எப்படிப் பறக்கும்? கையில தூக்கிப் பாத்தாலே யாருக்கும் தெரியுமே பாய்!"

சனாவுல்லா போனை அணைத்தார். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். மத்தியானம் மாப்பிள்ளை தூக்கிப் பார்த்தது கண் முன்னால் வந்தது.

"மாப்பிள்ளை, ஒங்களுக்குத் தெரியுமா?"

நியாஸ் தரையைப் பார்த்தார்.

"பெட்டியத் தொறந்ததுமே தெரியும் அத்தா" என்றாள் அஃப்சானா. இனிமேல் கூரையைப் பார்க்க வயலில் கூரையும் இல்லை.

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க ஒங்க கையால தச்சது மாமா" என்றார் நியாஸ். "அதப் போயி எப்படி..."

சந்தோஷமா, அவமானமா என்று சனாவுல்லாவுக்கே பிடிபடவில்லை. தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு நிற்கிறது இந்தப் பிள்ளை. அப்படியென்றால் எட்டு மாதமாகச் சொன்ன அத்தனை பரவாயில்லையும்? ஃபேன்? தலையணை? அவர் கண் தானாகக் கீழே இறங்கி, அவர் கையால் தைத்த இன்னொரு பொருளில் போய் நின்றது.

"அந்த ஷூ?" என்றார். சத்தம் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக வந்தது. "கடிக்குதா?"

நியாஸ் அஃப்சானாவைப் பார்த்தார்.

"நெசத்தச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"ஒரு சைஸ் சின்னது மாமா. நிச்சயத்தன்னைக்கு வாசல்ல நீங்க அளந்தது எங்க தம்பி செருப்பு. ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"எட்டு மாசமாவா!" என்று சல்மா வாயில் கை வைத்தார். அடக்கமான நடையாம்! சனாவுல்லாவுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு அதிகம் வராதது ஏன் என்று இப்போது விளங்கியது. வருகிற ஒவ்வொரு தடவையும் இந்த ஷூவை மாட்டிக்கொண்டுதானே வரவேண்டும்!

"கழட்டுங்க" என்றார். "மொதல்ல கழட்டி வீசுங்க மாப்பிள்ளை."

நியாஸ் கழற்றினார். சுண்டுவிரல் இரண்டும் காய்த்துப் போயிருந்தன. சனாவுல்லா அதற்குமேல் பார்க்கவில்லை. தோல் பையிலிருந்து கத்தியை எடுத்தார். மண்ணில் உட்கார்ந்து, விமானத்தை மடியில் போட்டுக்கொண்டு தையல்களைச் சரசரவென்று அறுத்தார். வார் விட்டது. வயிற்றுப் பட்டையின் நுனியைப் பிடித்து, ஆத்திரத்தோடு ஒரே இழுப்பாக இழுக்கப் போனார்.

"மாமா! இழுக்காதீங்க!"

அந்தச் சத்தம் யாருடையது என்று நாலு பேருக்குமே முதலில் தெரியவில்லை.

"ஃபோம் பிஞ்சுக்கிட்டு வந்துரும்! எல்லாத்துக்கும் அவசரமா ஒங்களுக்கு? சொல்றதக் கேளுங்க, கைய எடுங்க மொதல்ல!"

அஃப்சானா முக்காட்டை இழுத்துக் கடித்துக்கொண்டாள். பேகம்பூரில் சனாவுல்லாவைப் பார்த்துக் கையை எடு என்று சொன்ன ஆள் இதுவரை பிறக்கவில்லை. நியாஸுக்கே தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது போல, முகம் வெளுத்து, "மாமா, மன்னிச்சுக்கங்க, நான்..." என்று தடுமாறினார்.

சனாவுல்லா இரண்டு கையையும் தூக்கிவிட்டார், போலீஸைக் கண்ட ஆள் மாதிரி. அப்படியே மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். எட்டு மாதமாக இந்தச் சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

"எடுத்துட்டேன் மாப்பிள்ளை. இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க."

நியாஸ் வெறுங்காலோடு எதிரே உட்கார்ந்தார். ஒச்சப்பன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அஃப்சானாவின் கைக்குட்டையை நனைத்துப் பசையை ஊற வைத்து, தோலை நூல் நூலாக உரித்தார்கள். "இங்க புடிங்க மாமா. அழுத்தாதீங்க. ம், இப்ப விடுங்க." சொன்னதையெல்லாம் சனாவுல்லா அப்படியே செய்தார். தையல் போட்ட துளைகள் றெக்கை விளிம்பு நெடுக வரிசையாக இருந்தன. "இது ஒண்ணும் செய்யாது" என்றார் நியாஸ். றெக்கையை மாட்ட ரப்பர் பேண்ட் இல்லை. சல்மா ஒச்சப்பனுக்காகக் கொண்டுவந்திருந்த சாப்பாட்டுப் பையைத் துழாவி, பிரியாணிப் பொட்டலத்தில் சுற்றியிருந்த இரண்டைக் கழற்றிக் கொடுத்தார்.

இந்தத் தடவை எறிந்ததும் விமானம் கையை விட்டுப் போன விதமே வேறாக இருந்தது. கொஞ்சம் தாழ்ந்தது, அப்புறம் நிமிர்ந்தது. தென்னந்தோப்புக்கு மேலே ஏறி, ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பியது. நியாஸ் வாயைத் திறந்துகொண்டு மேலேயே பார்த்தபடி தாள் குத்துகிற வயலில் வெறுங்காலோடு ஓடினார். தன் மாப்பிள்ளைக்கு ஓடக்கூடத் தெரியும் என்பதை சனாவுல்லா அன்றைக்குத்தான் பார்த்தார்.

மூன்று சுற்று சுற்றியது. நாலாவது சுற்றில் வரப்பில் இடித்து விழுந்தது. றெக்கை ஒருபக்கம், உடம்பு ஒருபக்கம். சனாவுல்லா 'அல்லாஹ்!' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நியாஸ் ஓடிப்போய் இரண்டையும் எடுத்து, நடந்து வருகிற போதே ரப்பர் பேண்டை மாட்டிச் சேர்த்துவிட்டார். மூக்கு மட்டும் லேசாக வளைந்திருந்தது.

"போச்சா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. சுடுதண்ணியில காட்டுனா நிமிந்துக்கும். நீங்க வாங்குனது நல்ல பிளேன் மாமா. நான் வாங்கணும்னு வச்சிருந்ததும் இதேதான்."

பொழுது இறங்கியது. கிளம்புகிற நேரம். நியாஸ் பழக்கத்தில் அந்த ஷூவை நோக்கிப் போனார். சனாவுல்லா அதை முந்தி எடுத்துக் கார் டிக்கியில் போட்டுவிட்டார். விமானம் வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, மண்ணில் சமமாக விரித்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் மண்டியிட்டார்.

"கால வைங்க மாப்பிள்ளை."

நியாஸ் பதறிப் பின்வாங்கினார். "ஐயோ மாமா, எந்திரிங்க! நீங்க போயி என் காலத் தொட்டுக்கிட்டு... பரவால்..."

"அந்த வார்த்தைய மட்டும் இனிமே எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றார் சனாவுல்லா. "வைங்க."

நியாஸ் தயங்கித் தயங்கிக் காலை அட்டைமேல் வைத்தார். சனாவுல்லா பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, குதிகாலிலிருந்து ஆரம்பித்து மெதுவாகச் சுற்றி வரைந்துகொண்டு வந்தார். காய்ப்பு விழுந்த சுண்டுவிரல் பக்கம் வந்ததும் பென்சில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க கொஞ்சம் தள்ளிப் போடுங்க மாமா" என்றார் நியாஸ். "அங்கதான் இடிக்குது."